யார் ஒதுக்குகிறார், எப்போது, எதை வைத்து: டி2டி காப்புரிமை விண்ணப்பத்தைப் பரிசோதனையில் கரை சேர்க்க ஒரு வழிகாட்டி

கம்பியில்லாத் தொடர்பில் விண்ணப்பம் போட்ட பொறியாளர்கள் முதல் பரிசோதனை அறிக்கையை, அதாவது எஃப்இஆரை, கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டி1, டி2, டி3 என்று சில பழைய ஆவணங்கள் இருக்கும். அவற்றைச் சேர்த்தால் உங்கள் கண்டுபிடிப்பு தானாக வந்துவிடும் என்று ஒரு பத்தி. கடைசியில் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(கே): இது வெறும் அல்காரிதம். உழைத்து உருவாக்கிய ஒன்றை இப்படி மூன்று வரியில் தள்ளிவிட்டார்களே என்ற வருத்தம் நியாயமானதுதான். ஆனால் அந்த மூன்று வரிக்கும் பதில் இருக்கிறது, அதை விண்ணப்பம் எழுதும் நாளிலேயே தயார் செய்துவிட முடியும்.

கருவிகள் நேருக்கு நேர் பேசும் டி2டி துறையில் ஒரு கிளைம், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகம், நிற்பதும் விழுவதும் நான்கு கேள்விகளைப் பொறுத்தது. ரேடியோ வளத்தை, அதாவது பேசுவதற்கான நேரத்தையும் அலைவரிசையையும், யார் ஒதுக்குகிறார்? எப்போது? எந்தத் தகவலை வைத்து? அந்த முடிவை எந்தச் சிக்னலில் மற்றவருக்குச் சொல்கிறார்? கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த நான்கையே வேறு வேறு பக்கத்திலிருந்து கேட்கும். இந்தியச் சட்டத்தை வைத்தே எழுதுகிறேன்.

படி 1: ஆய்வாளருக்குத் தெரிந்ததை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்

டி2டி விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும் காப்புரிமை அலுவலக ஆய்வாளர் முதலில் திறப்பது, கைபேசி வலையமைப்புகளுக்குத் தரநிலை வகுக்கும் கூட்டமைப்பான 3ஜிபிபி-யின் தரநிலைகளைத்தான். டவர் வேலை செய்யாத இடத்திலும் காவல்துறை, தீயணைப்புத் துறை ஆட்கள் ஒருவரோடொருவர் பேசவேண்டும் என்ற தேவை பெரிய உந்துதலாக இருக்க, 4ஜி தொழில்நுட்பமான எல்டிஇ-யின் ரிலீஸ் 12 என்ற தரநிலைப் பதிப்பில் (2015) டி2டி உள்ளே வந்தது. கருவிக்கும் கருவிக்கும் இடையிலான இணைப்புக்கு சைட்லிங்க் என்று பெயர், அந்த இடைமுகம் பிசி5. ஒதுக்கீட்டுக்கு இரண்டு வழி வைத்தார்கள். மோடு 1-ல் டவர் ஒதுக்கும். மோடு 2-ல் கருவியே, முன்கூட்டிக் கொடுக்கப்பட்ட ரிசோர்ஸ் பூலிலிருந்து குருட்டாம்போக்கில் ஒன்றை எடுத்துக்கொள்ளும்.

வாகனங்களுக்காக ரிலீஸ் 14-ல் (2017) மோடு 3, மோடு 4 சேர்ந்தன. 3-ல் டவர் ஒதுக்கும், 4-ல் வண்டியே முடிவெடுக்கும். 5ஜி-யின் ரிலீஸ் 16-ல் (2020) எண்கள் மறுபடி 1, 2 என்று ஆகிவிட்டன. இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். எஃப்இஆரில் "மோடு 2" என்று இருந்தால், எல்டிஇ மோடு 2-வா 5ஜி மோடு 2-வா என்று முதலில் பாருங்கள். முன்னது குருட்டாம்போக்கு, பின்னது அலையைக் கவனித்து முடிவெடுப்பது. உங்கள் கிளைம் கவனிப்பதைப் பற்றியது என்றால் இந்த ஒரு வேறுபாடே வாதத்தின் திசையை மாற்றிவிடும்.

மோடு 4 எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒதுக்கீட்டு விண்ணப்பங்களில் டி1 ஆக இது வந்து நிற்க நிறைய வாய்ப்பு உண்டு. எல்டிஇ-யில் நேரம் 1 மில்லிநொடித் துண்டுகளாகவும், அலைவரிசை 180 கிலோஹெர்ட்ஸ் கட்டுகளாகவும் வெட்டப்படுகிறது. வண்டி கடந்த 1000 மில்லிநொடியாகத் தன்னைச் சுற்றி யார் எந்தத் துண்டில் பேசினார்கள் என்று கேட்டுக்கொண்டே வருகிறது. மற்றவர் முன்பதிவு செய்திருக்கும் துண்டில் வரும் சிக்னல் ஒரு வரம்புக்கு மேல் வலுவாக இருந்தால் அதை ஒதுக்கித் தள்ளுகிறது. மிஞ்சுவது மொத்தத்தில் 20 சதவீதத்துக்கும் குறைவென்றால் வரம்பை 3 டெசிபல் உயர்த்தி மறுபடி வடிகட்டுகிறது. மிஞ்சியதில் இரைச்சல் குறைந்தவற்றை எடுத்து, அதிலிருந்து ஒன்றைக் குலுக்கல் போல் தேர்ந்தெடுக்கிறது. அதையே பல முறை தொடர்ந்து பயன்படுத்துகிறது.

இதில் இரண்டு ஓட்டை இருக்கிறது. ஒன்று, அனுப்பும் வண்டிக்குக் கேட்காத ஒரு மூன்றாவது வண்டி, பெறும் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று அதே துண்டில் பேசலாம். இன்னொன்று, ஒரு கருவி அனுப்பிக்கொண்டிருக்கும் நொடியில் அதனால் கேட்க முடியாது. இந்தத் துறையின் கண்டுபிடிப்புகளில் பல இந்த இரண்டு ஓட்டைகளை அடைக்கப் பார்ப்பவைதான்.

படி 2: கிளைமை மூன்று கோடுகளில் வரையுங்கள்

ஒரு கற்பனை விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். முன்னுரிமைத் தேதி, அதாவது புதுமையை எந்த நாளை வைத்துப் பார்ப்பார்களோ அந்த நாள், 2020 பிப்ரவரி. கிளைம் இப்படி:

"முதல் கருவி, இரண்டாம் கருவிக்கு நேரடியாகத் தரவு அனுப்புவதற்காக, பக்கத்துக் கருவிகளின் பயன்பாட்டைப் பற்றிய தகவலின் அடிப்படையில் ரேடியோ வளத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த வளத்தில் அனுப்பும் முறை."

வெள்ளைத்தாளில் மேலிருந்து கீழாக மூன்று கோடு போடுங்கள்: அனுப்பும் கருவி, பெறும் கருவி, டவர். கிளைமில் உள்ள ஒவ்வொரு செயலையும் அம்புக்குறியாக வரையுங்கள். மேலே உள்ள கிளைமுக்கு ஒரே ஒரு அம்புதான் விழும். தகவல் யாரிடமிருந்து வந்தது என்று இல்லை, எப்போது வந்தது என்றும் இல்லை. தானே காதால் கேட்டதும் "பக்கத்துக் கருவிகளின் பயன்பாட்டைப் பற்றிய தகவல்"தான். அப்படியானால் இது மோடு 4-ஐயும் அப்படியே உள்ளடக்கிவிடுகிறது. புதுமை இல்லை. ஆய்வாளர் சொல்வது சரி.

கண்டுபிடித்தவரிடம் பேசினால் உண்மைக் கதை வேறாக இருக்கும். பெறும் கருவிதான் தன் பக்கம் கேட்டதை வைத்து, "இந்த இந்தத் துண்டுகளில் எனக்கு அனுப்பாதே" என்று ஒரு பட்டியலைத் தயார் செய்கிறது. தான் அனுப்பப்போகும் நேரத் துண்டுகளையும் அந்தப் பட்டியலில் சேர்க்கிறது. அனுப்பும் கருவியின் தேர்வு நேரம் முடிவதற்குள் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அனுப்பும் கருவி தன் வடிகட்டலுக்குப் பிறகு இந்தப் பட்டியலையும் கழித்துவிட்டுத் தேர்ந்தெடுக்கிறது. இப்போது வரைந்தால் நான்கு அம்பு விழும், நான்கு கேள்விக்கும் பதில் இருக்கும். இதுதான் கிளைமாக இருந்திருக்க வேண்டும்.

படி 3: தேதியைப் பிடியுங்கள்

மற்ற பல துறைகளில் சில மாதம் முன்னே பின்னே இருந்தால் பெரிதாக மாறாது. இங்கே ஒரு வாரம் போதும். தரநிலை ஆவணம் வெளியான தேதியை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். 3ஜிபிபி-யில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்பாக நிறுவனங்கள் தங்கள் யோசனைகளைக் கட்டுரைகளாக ஏற்றுகின்றன. டிடாக் என்று அவற்றைச் சொல்வார்கள். அவை யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கக்கூடிய சர்வரில் இருக்கின்றன, ஏறிய நாளும் நேரமும் பக்கத்திலேயே தெரியும். தரநிலையில் ஒரு வரி அச்சாவதற்குப் பல மாதம் முன்பே அதன் கரு ஒரு டிடாக்கில் இருந்திருக்கும். உங்கள் நிறுவனமே ஏற்றிய டிடாக்கும் உங்களுக்கு எதிரான ஆவணமாகலாம். அதனால்தான் பெரிய நிறுவனங்கள் கூட்டத்துக்கு டிடாக் ஏற்றுமுன், முழு விவரத்தைப் பிறகு தரலாம் என்று தேதியைப் பிடித்துவைக்கும் தற்காலிக விண்ணப்பத்தைப் போட்டுவிடுகின்றன.

நம் உதாரணத்தில் தேதி என்ன செய்கிறது பாருங்கள். கருவிகள் ஒன்றுக்கொன்று ஒதுக்கீட்டில் உதவிக்கொள்வது 5ஜி-யின் ரிலீஸ் 17-ல் (2022) முறையாகவே வந்துவிட்டது. விரும்பும் துண்டு, விரும்பாத துண்டு என்று பட்டியல் அனுப்புவதும் அதில் உண்டு. விண்ணப்பம் 2023-ல் போடப்பட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. 2020 பிப்ரவரி என்பதால் ரிலீஸ் 17 எதிரே நிற்க முடியாது. ஆனால் 2019 மார்ச்சில் வந்த டிஆர் 38.885 என்ற 3ஜிபிபி ஆய்வறிக்கை நிற்கும். மோடு 2-வுக்குள் ஆராய்ந்த வகைகளில் ஒன்றாக, ஒரு கருவி மற்றக் கருவிகளின் வளத் தேர்வுக்கு உதவுவது என்பதை அது குறிப்பிடுகிறது. இது நம் டி2.

தற்காலிக விண்ணப்பத்தின் தேதியை நம்புகிறவர்கள் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். கிளைமில் உள்ள ஒவ்வொரு அம்பும் அந்தத் தற்காலிக விண்ணப்பத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? "தேர்வு நேரம் முடிவதற்குள்" என்ற சொற்கள் பன்னிரண்டு மாதம் கழித்து முழு விவரக்குறிப்பில்தான் முதன்முதலாக வருகின்றன என்றால், அந்தக் கிளைமுக்கு முன்தேதி கிடைக்காது. இடையில் ஏறிய டிடாக் எல்லாம் எதிரே வந்து உட்கார்ந்துவிடும்.

கல்லூரியிலிருந்து விண்ணப்பம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆய்வுக் கட்டுரையை முதலில் வெளியிட்டுவிட்டு, அப்புறம் காப்புரிமை போடலாம் என்று வருகிறார்கள். கற்றோர் அவையில் வாசித்த கட்டுரைக்குப் பிரிவு 31-ல் 12 மாத விலக்கு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது குறுகலான வாசல், எல்லா மாநாட்டுக்கும் இணையப் பதிவுக்கும் பொருந்தாது. ஒரு குழு தங்கள் வரைவை இணையத்தில் போட்டுச் சில மாதம் கழித்து எங்களிடம் வந்தது. அவர்களுடைய சொந்தக் கட்டுரைதான் டி1 ஆக வந்தது. மூன்று ஆண்டு உழைப்பு. முதலில் விண்ணப்பம், பிறகு கட்டுரை. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

படி 4: ஆய்வாளர் தேடுவதற்கு முன் நீங்கள் தேடுங்கள்

எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப் என்ற காப்புரிமைத் தேடல் தளங்கள் இரண்டும் இலவசம். வகைப்பாட்டு எண் வழியாகத் தேடுவது நல்லது. நேரடித் தொடர்புக்கான வள மேலாண்மை எச்04டபிள்யூ 72/40-ல் வருகிறது. இது 2023-ல் உருவான எண் என்பதால், 72/04 போன்ற பழைய இடங்களையும் விட்டுவிடாதீர்கள். கருவிகளுக்கிடையே இணைப்பு ஏற்படுத்துவது 76/14, கருவிக்கும் கருவிக்கும் இடையிலான இடைமுகம் 92/18.

சொல் வழியாகத் தேடும்போது "சைட்லிங்க்" மட்டும் போட்டால் பாதிதான் கிடைக்கும். அந்தச் சொல் பரவுவதற்கு முன்பே இதே கருத்து வேறு பெயர்களில் இருந்தது. காவல்துறை வாக்கிடாக்கிகளில் பயன்படும் டெட்ரா தரநிலையில் டைரக்ட் மோடு உண்டு. புளூடூத்தில் ஒரு தலைமைக் கருவி 625 மைக்ரோநொடித் துண்டுகளில் மற்றவற்றின் முறையை ஒதுக்குகிறது. 2009 டிசம்பரிலேயே நோக்கியா ஆய்வாளர்கள் ஐஇஇஇ கம்யூனிகேஷன்ஸ் இதழில், எல்டிஇ-யின் அதே அலைவரிசைக்குள் டி2டி-யை டவரின் கட்டுப்பாட்டில் ஓடவிடுவது பற்றி எழுதியிருக்கிறார்கள். உங்கள் கிளைம் அகலமாக இருந்தால் இவற்றில் ஏதோ ஒன்று வந்து தட்டும்.

அப்புறம், பிறருடைய இந்திய விண்ணப்பங்கள். உங்கள் தேதிக்கு முன் தாக்கலாகி, பின்னால் வெளியான விண்ணப்பத்தின் கிளைமும் பிரிவு 13-ன் கீழ் எதிராக வரலாம். அங்கே கிளைமோடு கிளைமைத்தான் ஒப்பிட வேண்டும். கிளைமுக்கு வெளியே அவர்களுடைய விவரணையில் எங்கோ ஒரு வரி இருக்கிறது என்பது மட்டும் போதாது. ஆய்வாளர் அப்படி எழுதியிருந்தால் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

படி 5: டி1-ஐயும் டி2-வையும் சேர்க்கும் வாதத்தை எதிர்கொள்வது

திருத்தப்பட்ட நம் கிளைமுக்கு எதிராக ஆய்வாளர் சொல்லப்போவது இதுதான்: மோடு 4-ல் வடிகட்டல் இருக்கிறது, டிஆர் 38.885-ல் கருவி உதவுவது இருக்கிறது, இரண்டையும் சேர்ப்பது துறையில் தேர்ந்தவருக்கு எளிது.

இதற்கு "எங்கள் கண்டுபிடிப்பு செயல்திறனைக் கூட்டுகிறது" என்று பதில் எழுதினால் பயன் இல்லை. எல்லா விண்ணப்பமும் அதையே சொல்கிறது. மூன்று கோட்டுப் படத்துக்குத் திரும்புங்கள். உதவுவது என்ற கருத்தை டி2 தருகிறது. ஆனால் உதவுகிறவர் பெறும் கருவியாகவே இருக்கவேண்டும் என்று அது சொல்கிறதா? தான் அனுப்பப்போகும் துண்டுகளையும் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறதா? தேர்வு நேரம் முடிவதற்குள் வரவேண்டும் என்ற கட்டுப்பாடு எங்கே? விடுபட்ட அம்பு ஒவ்வொன்றுக்கும் என்ன விளைவு என்று ஒவ்வொரு வாக்கியம் எழுதுங்கள். பெறுபவரே சொல்வதால் அனுப்புபவருக்குக் கேட்காத மூன்றாம் கருவியின் மோதல் தவிர்க்கப்படுகிறது. தன் அனுப்பும் துண்டுகளையும் சேர்ப்பதால், கேட்க முடியாத நொடியில் தரவு வந்து வீணாவதில்லை. நேரக் கட்டுப்பாட்டால் பழைய பட்டியலை நம்பித் தவறான துண்டை எடுப்பதில்லை.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வாதம். மூன்றாம் கருவியின் மோதல் எல்லோரும் அறிந்த சிக்கல், ஆகவே தீர்வும் எளிது என்று ஆய்வாளர் சொல்லிவிட முடியும். பெறும் கருவியின் சொந்த அனுப்பும் அட்டவணை அனுப்புபவருக்கு எப்படியும் முழுதாகத் தெரியாத ஒன்று. அதைப் பட்டியலில் சேர்க்கும் எண்ணம் டி1-லிருந்தோ டி2-விலிருந்தோ தானாக வருவதில்லை. மூன்று வாதங்களில் இதை முதலில் வையுங்கள்.

நிராகரிப்பு ஆணை காரணம் சொல்லாமல் வந்தால், 2022-ல் அக்ரிபோர்டு வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதை நினைவில் வையுங்கள். பழைய ஆவணத்தில் என்ன இருக்கிறது, விண்ணப்பத்தில் என்ன இருக்கிறது, அதிலிருந்து இது எப்படி எளிதாக வந்துவிடும் என்ற மூன்றையும் ஆணையில் விளக்கவேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

படி 6: பிரிவு 3(கே)

கணித முறை, வணிக முறை, கணினி நிரல் தன்னளவில், அல்காரிதம் ஆகியவற்றுக்குக் காப்புரிமை இல்லை என்கிறது இந்தப் பிரிவு. ஒதுக்கீடு என்றாலே ஏதோ ஒரு கணக்கு உள்ளே இருக்கும், அதனால் இந்த ஆட்சேபம் வருவது இயல்பு. கல்லூரி விண்ணப்பங்கள் இதில் அதிகம் அடிபடுகின்றன. வரைபட நிறமிடல், ஆட்டக் கோட்பாடு, வலுவூட்டல் கற்றல் என்று முறையின் பெயரே கிளைமின் நடுவில் உட்கார்ந்திருக்கும். ரேடியோ ஒரு ஓரமாக நிற்கும்.

2019-ல் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், தொழில்நுட்ப விளைவு அல்லது தொழில்நுட்பப் பங்களிப்பு இருந்தால், கணினி நிரலை அடிப்படையாகக் கொண்டது என்பதாலேயே காப்புரிமையை மறுக்க முடியாது என்ற வழியைத் தெளிவாக்கியது. புதிய வன்பொருள் வேண்டும் என்று 2016 வழிகாட்டு நெறிகளில் இருந்த நிபந்தனை 2017-ல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே வாசல் திறந்துதான் இருக்கிறது. கிளைம் அதற்கேற்ப எழுதப்பட்டிருக்க வேண்டும்: ரேடியோவில் அளந்த ஒன்று உள்ளே போகிறது, முடிவு நடக்கிறது, அந்த முடிவின்படி குறிப்பிட்ட துண்டில் ரேடியோ சிக்னல் வெளியே போகிறது. முதல் அம்பும் கடைசி அம்பும் காற்றில் போகும் சிக்னலாக இருக்கட்டும். "உகந்த ஒதுக்கீட்டைக் கணக்கிடுதல்" என்று முடியும் கிளைம் காகிதத்திலேயே நின்றுவிடுகிறது.

படி 7: மூன்று தரப்புக்கும் கிளைம்

இந்த ஒரு படியைத் தாக்கல் செய்யும் முன்பே முடித்தாக வேண்டும். பிரிவு 59-ன்படி, திருத்திய கிளைம் தொடக்கத்தில் இருந்த கிளைமின் எல்லைக்குள் முழுதாக அடங்கவேண்டும். விவரணையில் எழுதியிருக்கிறோமே என்பது போதாது.

நாங்கள் கவனித்த ஒரு விண்ணப்பத்தில் எல்லாக் கிளைமும் அனுப்பும் கருவியின் மேல் எழுதப்பட்டிருந்தன. எஃப்இஆர் வந்தபோதுதான் தெரிந்தது, உண்மையில் புதிதாக இருந்தது பெறும் கருவி பட்டியல் தயார் செய்யும் விதம் என்று. விவரணையில் அது நான்கு பக்கத்துக்கு இருந்தது. கிளைமில் ஒரு வரிகூட இல்லை. பெறும் கருவிக்கு மாற முடியவில்லை. இருந்ததைச் சுருக்கிக் கொண்டுபோனோம், கிடைத்தது குறுகிய உரிமைதான்.

எனவே தொடக்கத்திலேயே அனுப்பும் கருவிக்கு ஒன்று, பெறும் கருவிக்கு ஒன்று, டவருக்கு வேலை இருந்தால் அதற்கும் ஒன்று எழுதுங்கள். மூன்றும் ஒரே கண்டுபிடிப்புக் கருத்தில் கட்டப்படவில்லை என்று ஆட்சேபம் வந்தால், சட்டத்தின் 16-ம் பிரிவின் கீழ், ஒரு பகுதியைப் பிரித்துத் தனி விண்ணப்பமாகப் போடும் வழி இருக்கிறது. ஆனால் அதை மூல விண்ணப்பத்துக்குக் காப்புரிமை வழங்கப்படுமுன் போட்டாக வேண்டும்.

தெளிவின்மை ஆட்சேபத்துக்கும் இதே நாளில் மருந்து போடலாம். "முன்னரே தீர்மானித்த வரம்பு" என்று எழுதினால், அதை யார் தீர்மானித்தார், எந்த அலகில், எந்தச் செய்தியில் வந்தது என்று விவரணையில் ஒரு பத்தியாவது இருக்கட்டும். ஓர் உதாரண எண்ணும் சேர்த்தால் நல்லது.

படி 8: கெடுக்கள்

2024 மார்ச் 15 முதல் பல கெடுக்கள் மாறிவிட்டன. அதன்பின் தாக்கலான விண்ணப்பங்களுக்குப் பரிசோதனைக் கோரிக்கையை (படிவம் 18) முன்னுரிமைத் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். முன்பு 48 மாதம் இருந்தது. பழைய ஞாபகத்தில் இருந்துவிட்டால் விண்ணப்பம் கைவிட்டதாகிவிடும். புத்தொழில் நிறுவனங்கள், பெண் விண்ணப்பதாரர்கள் உள்ளிட்ட சிலர் படிவம் 18ஏ கொடுத்து விரைவுப் பரிசோதனை கேட்கலாம். எஃப்இஆர் வந்த நாளிலிருந்து பதிலுக்கு ஆறு மாதம், கேட்டால் மேலும் மூன்று மாதம். வெளிநாட்டு விண்ணப்பங்களின் நிலையைச் சொல்லும் படிவம் 3-க்கு எஃப்இஆரிலிருந்து மூன்று மாதம்தான். பதிலில் கவனம் செலுத்தி இதை மறந்துவிடுவது சகஜமாக நடக்கிறது.

சென்னை கிண்டி அலுவலகத்தில் தாக்கல் செய்தாலும், பரிசோதிப்பவர் டெல்லியிலோ கொல்கத்தாவிலோ மும்பையிலோ இருக்கலாம். துறை வாரியாகப் பகிர்ந்து கொடுக்கிறார்கள்.

படி 9: விசாரணை

பதிலுக்குப் பிறகும் ஆட்சேபம் மிஞ்சினால் பிரிவு 14-ன் கீழ் விசாரணை அறிவிப்பு வரும். காணொளி வழியாகவே பேசிவிடலாம். நேரம் குறைவு. முழு விவரணையையும் வாசித்துக்காட்ட முயலாதீர்கள். அந்த மூன்று கோட்டுப் படத்தைத் திரையில் போடுங்கள். டி1-ல் இருக்கும் அம்புகளைக் கறுப்பிலும், டி2-வில் இருப்பதை நீலத்திலும், இரண்டிலும் இல்லாததைச் சிவப்பிலும் வரையுங்கள். எங்கள் அனுபவத்தில் அதுவரை ஆவணங்களைப் பற்றியே போன பேச்சு, படம் வந்ததும் சிவப்பு அம்பைப் பற்றியதாக மாறிவிடும். விசாரணை நடத்தி முடிவெடுக்கும் அதிகாரியான கன்ட்ரோலர் அந்த அம்பைப் பற்றிக் கேள்வி கேட்டால் கண்டுபிடித்தவரே பதில் சொல்லட்டும். அதனால் அவரையும் அழைப்பில் சேர்த்துவிடுங்கள்.

முடிந்ததும் எழுத்து வாதத்துக்கு 15 நாள். அதே படத்தை முதல் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு சிவப்பு அம்புக்கும் விவரக்குறிப்பின் பக்கம், வரி எண்ணைக் குறிப்பிடுங்கள். மறுக்கப்பட்டால் மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். சென்னை அலுவலக விண்ணப்பம் தமிழ்நாட்டிலிருந்து போயிருந்தால் அது சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவுக்குப் போகும். அங்கே நீதிபதி முன்னால் முதலில் விரியப்போவது நீங்கள் அந்த 15 நாளில் எழுதிக்கொடுத்த காகிதமும் கன்ட்ரோலரின் ஆணையும்தான்.